ஒன்ராறியோவில் பீவர் பொறி வைக்கத் தொடங்குகிறவர்களுக்கு: முதல் பருவத்துக்கான வழிகாட்டி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பீவர் (ஓடையில் அணை கட்டி வாழும், தோலுக்காகப் பிடிக்கப்படும் விலங்கு) பிடிக்க ஆசைப்படுகிறவர்கள் முதல் வேலையாகப் பொறி வாங்க ஓடுவார்கள். அது கடைசியாகச் செய்யவேண்டிய வேலை. காசு இருந்தால் பொறியை ஒரே பின்னேரத்தில் வாங்கிவிடலாம். வகுப்பில் ஓர் இடம், லைசென்ஸ், பொறி வைக்க ஒரு நிலம், பக்கத்தில் நின்று சொல்லித்தர ஓர் ஆள், இந்த நாலும் எந்தக் கடையிலும் கிடையாது. இவற்றுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டும்.

நானும் அப்படி அலைந்தவன்தான். விதிகள் ஓரிடத்தில் இருக்கும், விண்ணப்பம் வேறிடத்தில் இருக்கும், உண்மையில் உதவுகிற தகவல் பழைய ட்ரப்பர்களின், அதாவது பொறி வைத்துப் பிடிக்கிறவர்களின், வாயில் இருக்கும். மூன்றையும் சேர்த்து, எதை எந்த மாதத்தில் செய்யவேண்டும் என்ற ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன். இது ஒன்ராறியோவுக்கு மட்டும். கியூபெக், மனிடோபா, அமெரிக்க மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சட்டம் உண்டு. பழங்குடி மக்களுக்கு ஒப்பந்த உரிமைகள் இருப்பதால் அவர்களுக்கான விதிகளும் வேறு.

1. முதலில் உங்களுக்கு ஒத்துவருமா என்று பாருங்கள்

இது மீன்பிடி போல இல்லை, பிடித்துவிட்டு விட்டுவிட முடியாது. பொறியில் விழும் விலங்கு சாகும். அதைத் தண்ணீரிலிருந்து தூக்கி, தோலுரித்து, கொழுப்பு வழித்து, மிச்சத்தை அப்புறப்படுத்துவது வரை எல்லாம் உங்கள் கை வேலை. வளர்ந்த பீவர் ஒன்று 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். நனைந்த பீவரைச் சேற்றுக் கரையில் இழுத்து ஏற்றுவதற்கே நல்ல உடம்பு வேண்டும்.

அடுத்தது இடம். அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும். தோல் வேலைக்குக் கராஜோ கொட்டகையோ தேவை. பீவரின் கஸ்டோரியம் எனும் வாசனைச் சுரப்பியின் மணம் எனக்குப் பிடிக்கும், எல்லா வீட்டிலும் அதே கருத்து இருக்காது. குளிர்பெட்டியில் மீனுக்கும் கணவாய்க்கும் பக்கத்தில் ஒரு கறுப்புப் பையில் பீவர் தோல் கிடப்பதற்கு வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்குங்கள். பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும். ஊரிலிருந்து போனில் கதைத்த என் அம்மா, “உனக்கு வேற வேலையில்லையோ?” என்றதோடு முடித்துக்கொண்டார்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். உயிரோடு பிடித்து வைக்கும் பொறிகளை நாளுக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது சட்டம். கொல்லும் பொறிகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லாவிட்டாலும், வெப்பமான நாட்களில் விட்டுவைத்தால் தோல் கெட்டு மயிர் உதிரும். நிலம் உங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரம் என்றால் கிழமைக்கு எத்தனை தரம் போய்வருவீர்கள்? வார இறுதி மட்டும்தான் கிடைக்கும் என்றால் வெள்ளி இரவு வைத்து ஞாயிறு பின்னேரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

2. வகுப்பு: கோடையிலேயே இடம் பிடியுங்கள்

புதிதாக லைசென்ஸ் எடுப்பவர் ஃபர் (மயிர்த்தோல்) அறுவடை, ஃபர் மேலாண்மை, விலங்கினப் பாதுகாப்பு என்ற கட்டாய வகுப்பை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். வகுப்பு குறைந்தது 40 மணி நேரம். வார இறுதிகளாகப் பிரித்தும் நடத்துவார்கள், ஒரே கிழமையில் அடுக்கியும் நடத்துவார்கள். சட்டம், விலங்குகளின் வாழ்க்கை, பொறி வகைகள், தோல் பதம் எல்லாம் இதில் வரும். நல்ல ஆசிரியர் கிடைத்தால் உங்கள் கையாலேயே ஒரு மஸ்க்ராட்டாவது (நீரில் வாழும் பெரிய எலி போன்ற விலங்கு) ரக்கூனாவது உரிக்க வைப்பார்.

இங்கேதான் முதல் பொறி, அதுவும் நமக்கு வைத்தது. வகுப்புகள் எல்லா ஊரிலும் எல்லா மாதமும் நடப்பதில்லை. பீவர் பருவம் தெற்கில் பல இடங்களில் அக்டோபர் கடைசியில் திறக்கும். செப்டம்பரில் நினைவு வந்து தேடினால் பக்கத்து வகுப்புகள் நிரம்பியிருக்கும், மிச்சமிருப்பது நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கும். மே, ஜூனிலேயே ட்ரப்பர்களின் சங்கமான ஒன்ராறியோ ஃபர் மேனேஜர்ஸ் ஃபெடரேஷனின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். மின்னஞ்சலை நம்பியிருக்காதீர்கள். ஆசிரியர்களில் பலர் வயதான ட்ரப்பர்கள், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போனில் நன்றாகக் கதைப்பார்கள்.

கட்டணம் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். சில நூறு டாலர் ஒதுக்கி வையுங்கள். கையேடு, தேர்வுக் கட்டணம் இரண்டும் அதற்குள் அடக்கமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. கடதாசி வேலை

ஒரு கோப்பு வாங்கி எல்லாவற்றையும் அதில் போடுங்கள். உங்களுக்குத் தேவைப்படப் போவது இவை:

ஒன்ராறியோவில் வசிப்பதற்கான சான்று. சாரதி அனுமதிப்பத்திரம் போதும், முகவரி பழையதாக இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

அவுட்டோர்ஸ் கார்டு. மீன்பிடிக்கும் வேட்டைக்கும் மாகாணம் தரும் அட்டை இது. விலை வரி சேர்த்துப் பத்து டாலருக்குள், மூன்று வருடம் செல்லும். மீன்பிடிக்கிறவர்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

வகுப்பில் தேறிய சான்றிதழ். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வையுங்கள்.

நிலச் சொந்தக்காரரின் எழுத்து அனுமதி. இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

இவற்றோடு இயற்கை வள அமைச்சிடம் ட்ரப்பிங் லைசென்ஸ் கேட்க வேண்டும். லைசென்ஸ் கட்டணம் பெரிய காசில்லை, நேரம்தான் எடுக்கும். பருவம் திறக்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பார்கள், எனவே ஆகஸ்டிலேயே விண்ணப்பியுங்கள். உங்கள் லைசென்சில் எந்தப் பகுதி, எந்த நிலங்கள், எந்த விலங்குக்கு எத்தனை என்று இருக்கும். சில விலங்குகளுக்கு ஒதுக்கீடு உண்டு. கையில் கிடைத்ததும் வரி வரியாக வாசித்து, உங்கள் வனவிலங்கு மேலாண்மை அலகின் (மாகாணம் பிரித்து இலக்கமிட்ட பகுதி) இலக்கம் சரியா என்று பாருங்கள். பருவத் திகதிகள் விலங்குக்கு விலங்கு, அலகுக்கு அலகு மாறும். பக்கத்து ஊர்க்காரர் சொன்ன திகதி உங்கள் ஓடைக்குப் பொருந்தாமல் போகலாம்.

துப்பாக்கி வேண்டுமா? முதல் பருவத்துக்கு வேண்டாம் என்பது என் கருத்து. தண்ணீருக்குள் வைக்கும் கொல்லும் பொறிகளோடு மட்டும் நின்றால் துப்பாக்கிக்கு வேலையே இல்லை. பின்னால் நரி, கயோட்டி என்று போகும் எண்ணம் இருந்தால் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பையும் மத்திய அரசின் துப்பாக்கி லைசென்சையும் இப்போதே தொடங்குங்கள். புதிய விண்ணப்பத்துக்கு 28 நாள் கட்டாயக் காத்திருப்பு உண்டு, நடைமுறையில் அதைவிட அதிகம் இழுக்கும்.

4. நிலம்: பாதி வேலை இதுதான்

வடக்கில் அரச நிலம் பெரும்பாலும் பதிவு செய்யப்பட்ட ட்ரப்லைன்களாக, அதாவது பொறி வைக்கும் பகுதிகளாகப், பிரிக்கப்பட்டு ஆளுக்கொன்றாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்த லைனில் இன்னொருவர் பொறி வைக்க முடியாது. காலியாகும் லைனுக்குப் போட்டி இருக்கும், அனுபவம் இல்லாத புதியவர் அதை நினைத்துக் காத்திருப்பது வீண். அரச நிலத்தில்தான் போக வேண்டும் என்றால் லைன் வைத்திருக்கும் ஒருவரின் உதவியாளராகச் சேரும் வழியைக் கேளுங்கள்.

ரொறன்ரோ பக்கத்தில் இருக்கிற நமக்குச் சரியான வழி தெற்கின் தனியார் நிலம். சிம்கோ, கவார்த்தா லேக்ஸ், பீற்றர்பரோ, ஹேஸ்ற்றிங்ஸ், கிரே பக்கங்களில் ஓடையும் சதுப்பும் உள்ள பண்ணைகள் ஏராளம். பீவர் அணை கட்டினால் வயலுக்குத் தண்ணீர் ஏறும், மதகு அடைபடும், மரம் சாயும். விவசாயிக்கு அது தொல்லை. அவருக்கு நீங்கள் தேவை, உங்களுக்கு அவர் தேவை, இரண்டு பேருக்கும் ஒருவரையொருவர் தெரியாது, அவ்வளவுதான் பிரச்சினை.

அந்த அறிமுகத்துக்கு எனக்குத் தெரிந்த குறுக்கு வழி, டவுன்ஷிப் (உள்ளூராட்சி) அலுவலகத்தின் வீதிப் பிரிவு. எந்த மதகு ஒவ்வொரு இலையுதிர் காலமும் அடைபடுகிறது, யாருடைய வயலில் தண்ணீர் நிற்கிறது என்பது அங்கே வேலை செய்பவர்களுக்கு அத்துப்படி. வாய்க்கால் மேற்பார்வையாளர் என்று தனியாக ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. “நான் வகுப்பு முடித்த புதிய ட்ரப்பர், பீவர் தொல்லை உள்ள நிலச் சொந்தக்காரர்கள் கேட்டால் என் இலக்கத்தைக் கொடுங்கள்” என்று சொல்லி வையுங்கள். சில டவுன்ஷிப்கள் பீவருக்கு இவ்வளவு என்று காசும் கொடுக்கின்றன. ஆனால் அந்த வேலையை முதல் வருடமே பொறுப்பேற்க வேண்டாம். பத்து நாளில் மதகைத் திறந்து கொடு என்பார்கள், உங்களுக்கு இன்னும் கை பழகியிருக்காது. பருவத்துக்கு வெளியே வரச் சொன்னால் விதிகள் வேறு, அமைச்சின் அலுவலகத்தில் கேட்காமல் போகாதீர்கள்.

நேரடியாகக் கதவைத் தட்டுவதும் நடக்கும். சனிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு போங்கள். அறுவடை நாளில் போகாதீர்கள். காரை வீட்டுக்குத் தெரியும்படி நிறுத்தி, நாய் குரைத்து முடியும்வரை கார் பக்கத்திலேயே நில்லுங்கள். நம் முகத்தை அந்தப் பக்கங்களில் அதிகம் பார்த்திருக்க மாட்டார்கள், முதல் நிமிடம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். பீவர் என்று சொன்ன உடனே முகம் மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அணை எங்கே, போன வருடம் எத்தனை ஏக்கர் நனைந்தது, மாமனார் காலத்தில் எப்படி இருந்தது என்று அவரே தொடங்கிவிடுவார். வகுப்புச் சான்றிதழையும், லைசென்ஸ் ஏற்கெனவே கிடைத்திருந்தால் அதையும், கேட்காமலே காட்டுங்கள்.

வாய்ச்சொல் அனுமதி போதாது. ஒரு பக்கக் கடிதம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அதில் சொந்தக்காரர் பெயர், முகவரி, நிலத்தை அடையாளம் காட்டும் லாட் இலக்கம், கன்செஷன் இலக்கம், டவுன்ஷிப் பெயர், உங்கள் பெயர், எந்தத் திகதியிலிருந்து எதுவரை, எந்தெந்த விலங்கு, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். லாட், கன்செஷன் இலக்கம் அவருக்கே நினைவில்லை என்றால் சொத்து வரிச் சீட்டில் இருக்கும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை அவரிடம் கொடுங்கள்.

இதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டு. பண்ணையில் பயிர் செய்பவர் எல்லோரும் சொந்தக்காரர் அல்ல, குத்தகைக்காரரின் கையொப்பம் செல்லாது. இரண்டாவது, ஓடையின் இந்தக் கரை ஒருவருக்கும் அந்தக் கரை இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கும். அணை உங்கள் பக்கமும் பீவர் வீடு எதிர்ப்பக்கமும் இருந்தால் இரண்டு கடிதம் வாங்குங்கள்.

பருவம் முடிந்த பிறகு ஒருதரம் சும்மா போய் நன்றி சொல்லுங்கள். ஸ்காபரோவில் வாங்கிய மட்டன் ரோல்ஸ் ஒரு பெட்டி கொண்டுபோனால் அடுத்த வருடம் பக்கத்துப் பண்ணைக்காரரையும் அவரே அறிமுகப்படுத்துவார்.

5. சொல்லித்தர ஓர் ஆள்

உள்ளூர் ட்ரப்பர் கவுன்சில் கூட்டங்களுக்குப் போங்கள். இருப்பதிலேயே வயதானவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு நாள் அவரோடு லைனுக்குப் போக அனுமதி கேளுங்கள், பனிக்கட்டி உடைக்கவும் பீவர் சுமக்கவும் இளம் கை கிடைத்தால் மறுக்கிறவர் குறைவு. ஃபெடரேஷனில் உறுப்பினராகும்போது பொறுப்புக் காப்புறுதி சேர்ந்து வருகிறதா என்றும் கேளுங்கள், சில நிலச் சொந்தக்காரர்கள் அதைக் கேட்பார்கள்.

6. இப்போது பொறி வாங்கலாம்

முதல் பருவத்துக்குப் பீவரும் மஸ்க்ராட்டும் போதும். பீவருக்கு 330 அளவுப் பொறி, மஸ்க்ராட்டுக்கு 110 அளவு. இரண்டும் கோனிபேர் வகை. இரண்டு சதுரச் சட்டங்கள், பக்கத்தில் ஸ்பிரிங், நடுவில் கம்பி விசை. விலங்கு உள்ளே நுழைந்தால் சட்டம் கழுத்திலோ மார்பிலோ அடித்து மூடும்.

எந்த 330ஐயும் வாங்கிவிடாதீர்கள். கனடா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா சேர்ந்த மனிதாபிமானப் பொறி ஒப்பந்தம் 1997இல் வந்தது. அதன்படி கொல்லும் பொறி ஒன்று பீவரை 300 விநாடிக்குள் மீளாத மயக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சோதனையில் தேறிய பொறிகளின் பட்டியலை ஃபர் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கனடா வெளியிடுகிறது. ஒரே அளவு என்றாலும் ஒரு கம்பனியின் பொறி பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது. மலிவாக ஒரு வாளி நிறையப் பழைய பொறி விற்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்தால் முதலில் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பல் வைத்த பழைய இரும்புப் பொறிகள் முற்றாகத் தடை, சுவரில் மாட்டி அழகு பார்க்கலாம்.

செலவு ஏறத்தாழ இப்படி வரும். பட்டியலில் உள்ள நல்ல 330 ஒன்று 30 முதல் 50 கனடிய டாலர். ஆறு வாங்குங்கள், பன்னிரண்டு வேண்டாம். 110 ஒரு டசின் வாங்கலாம், விலை குறைவு. செட்டர் எனப்படும் நீண்ட கைப்பிடி இடுக்கி, பாதுகாப்புக் கிளிப், மார்பளவு ரப்பர் காற்சட்டை, தோள்வரை வரும் ரப்பர் கையுறை, கம்பி, கோடரி, பனிக்கட்டி உளி, கொழுப்பு வழிக்கும் இரட்டைப் பிடிக் கத்தி. வகுப்பையும் சேர்த்து முதல் வருடம் 1,000 முதல் 1,500 டாலர் கையை விட்டுப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோல் தனி.

330 பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது கையை முறிக்கும். வெறும் கையால் ஸ்பிரிங்கை அமுக்கும் வீரத்தை யாராவது காட்டினால் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். எப்போதும் செட்டரால் அமுக்கி, ஸ்பிரிங் கொக்கி இரண்டையும் போட்டு, சட்டத்தில் பாதுகாப்புக் கிளிப்பை மாட்டி, அதற்குப் பிறகுதான் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். பொறி இடத்தில் நின்ற பிறகு கடைசியாகக் கிளிப்பைக் கழற்றுவது.

கை மாட்டினால் வெளியே எடுக்க ஒரு வழி உண்டு, அதைக் கராஜில் பழகியிருக்க வேண்டும். இரண்டு மீற்றர் உறுதியான கயிறு, ஒரு முனையில் பாதம் நுழையும் வளையம், எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். வளையத்துக்குள் பாதத்தை வைத்து, மறுமுனையை ஸ்பிரிங்கின் இரண்டு கண்களுக்குள்ளாலும் கோர்த்து, திரும்ப முதல் கண்ணுக்குள்ளால் எடுத்துச் சுதந்திரமான கையால் இழுங்கள். கால் கீழே தள்ள, கை மேலே இழுக்க, ஸ்பிரிங் நெருங்கி வரும். கொக்கியைப் போட்டுவிட்டு அடுத்த ஸ்பிரிங்குக்கு மாறுங்கள். ஒரு விறகுத் துண்டைப் பொறியில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் எடுக்கும்வரை இதைச் செய்து பாருங்கள்.

7. எங்கே, எப்படி வைப்பது

அக்டோபர் நடுவில் நிலத்தை ஒருதரம் நடந்து பாருங்கள். பழைய அணை இருப்பதால் பீவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அணையின் மேல் ஈரமான புதுச் சேறு அப்பியிருக்கிறதா, கடித்த மரத்தடியில் சிராய்கள் வெள்ளையாக இருக்கின்றனவா, பீவர் வீட்டுக்குப் பக்கத்தில் தண்ணீருக்கு மேலே கிளை நுனிகள் கூட்டமாக நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அந்தக் கிளைக் குவியல்தான் குளிர்காலச் சாப்பாடு. அது இருந்தால் குடும்பம் உள்ளே இருக்கிறது.

தொடங்குகிறவர்களுக்கு மிகச் சுலபமானது ஓடுபாதைப் பொறி. பீவர்கள் ஒரே வழியாகப் போய்வந்து சேற்றில் ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும். தெளிந்த தண்ணீரில் அது அடியில் இருண்ட கோடாகத் தெரியும், காலை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சேறில்லாமல் உறுதியாக இருக்கும். அது ஒடுங்கும் இடத்தில் 330ஐ நிறுத்தி, மேல்சட்டம் தண்ணீர் மட்டத்தோடு அல்லது சற்றுக் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே குறுக்காக ஒரு தடி போட்டால் பீவர் அதற்கு அடியில் மூழ்கி நேராகப் பொறிக்குள் வரும். இரண்டு ஸ்பிரிங்குக்குள்ளாலும் தடி அடித்து அசையாமல் நிறுத்துங்கள். தடிகள் காய்ந்த, பட்டுப்போன மரமாக இருக்க வேண்டும். பச்சைப் பொப்லார் தடி அடித்தால் பீவர் வந்து அதைச் சாப்பிட்டுவிட்டு, பொறியைச் சாய்த்துவிட்டுப் போகும். சங்கிலியைக் கரையில் உள்ள மரத்தில் கம்பியால் கட்டுங்கள், இல்லையென்றால் பொறியோடு பீவரும் போய்விடும்.

நீர்நாயும் அதே ஓடுபாதையைத்தான் பயன்படுத்தும். உங்கள் லைசென்சில் நீர்நாய் இல்லையென்றால் விசைக் கம்பிகளை நடுவிலிருந்து ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். ஒடுங்கிய உடம்புள்ள நீர்நாய் தப்பிப் போக வாய்ப்பு உண்டு, அகன்ற பீவர் தட்டிவிடும்.

கரையில் கஸ்டோரியம் வாசனை வைத்துப் பிடிப்பது, சுருக்குக் கம்பி, தரையில் ரக்கூனுக்கு இரை வைத்த 220 அளவுப் பொறி, எல்லாம் இரண்டாம் வருடத்துக்கு வையுங்கள். முக்கியமாக அந்தத் தரைப் பொறி. வீட்டு நாய் தலையை விட்டால் முடிந்தது, அந்த டவுன்ஷிப்பில் உங்களுக்கு இனி எந்த நிலமும் கிடைக்காது.

ஒரு குடும்பம் முழுவதையும் துடைத்தெடுக்க வேண்டாம். சொந்தக்காரர் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னால் ஒழிய, ஒரு கூட்டில் இரண்டு மூன்றோடு நகர்ந்துவிட்டால் அடுத்த வருடமும் அங்கே வேலை இருக்கும்.

பனி உறைந்த பிறகு வேறு கணக்கு. ஒருவர் நடக்கக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தெளிந்த கட்டி வேண்டும். ஆனால் பீவர் வீட்டைச் சுற்றியும், அணைக்கு மேலும், ஓடுபாதைகளுக்கு மேலும் கட்டி மெல்லியதாகவே இருக்கும். பீவர்கள் அடியில் நீந்தித் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும், அவை விடும் மூச்சுக் குமிழ்களும் கட்டியின் அடியில் சேரும். நாம் போகவேண்டியதும் அதே இடங்களுக்குத்தான். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் உளியால் குத்திப் பாருங்கள், தண்ணீரில் விழுந்தால் கட்டியில் குத்தி ஏறுவதற்கான மீட்பு ஆணிகளைக் கழுத்தில் தொங்கவிடுங்கள், தனியாகப் போகாதீர்கள். முதல் பருவத்தில் திறந்த தண்ணீர் இருக்கும் நவம்பரோடு நிறுத்தினாலும் குறைவில்லை. தோல் மட்டும் டிசம்பருக்குப் பிறகுதான் நன்றாக அடர்ந்திருக்கும்.

8. தோல் வேலை

ரப்பர் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பீவரிலிருந்தும் மஸ்க்ராட்டிலிருந்தும் துலரீமியா என்ற பாக்டீரியா நோய் தொற்றலாம், ரக்கூனின் கழிவில் ஆபத்தான உருளைப்புழு முட்டைகள் இருக்கும். ஓடைத் தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம்.

மஸ்க்ராட்டைப் பை போல உரிப்பார்கள். பீவரைத் திறந்து உரிக்க வேண்டும். மயிர் முடியும் இடத்தில் பாதங்களையும் வாலையும் எடுத்துவிட்டு, கீழ் உதட்டிலிருந்து பின்பக்கம் வரை நடுவில் ஒரே நேர் வெட்டு. அதற்கு முன் இரத்தம், சேறு, முள் எல்லாம் கழுவிவிடுங்கள், கொழுப்பு வழிக்கும்போது மயிரில் ஒரு முள் சிக்கியிருந்தால் அந்த இடத்தில் கத்தி தோலை ஓட்டையாக்கும். உரித்த தோலைச் சாய்வுக் கட்டையில் போட்டு, இரட்டைப் பிடிக் கத்தியால் தள்ளித் தள்ளி வழியுங்கள். பீவர் தோலில் கொழுப்பு சாதாரணமாக இழுத்தால் வராது, சவ்வு கெட்டியாக ஒட்டியிருக்கும். முதல் தோலுக்கு உரிப்பதும் வழிப்பதும் சேர்ந்து ஒரு மாலை முழுக்கப் போகும்.

பிறகு ஒட்டுப்பலகையில் முட்டை வடிவக் கோடு வரைந்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு அங்குலத்துக்கு ஓர் ஆணியாக அடித்து விரியுங்கள். நீளத்தையும் அகலத்தையும் கூட்டித்தான் அளவு போடுவார்கள், அதற்காக அளவுக்கு மீறி இழுத்தால் மயிர் ஐதாகி தரம் இறங்கும். தோலை ஆணியில் சற்று மேலே தூக்கிவிட்டால் அடியிலும் காற்று ஓடும். குளிர்ச்சியான, காற்றோட்டமான இடத்தில் ஒரு கிழமை விடுங்கள். ஃபர்னஸ் பக்கத்தில் வைத்து அவசரமாகக் காயவைக்க நினைத்தால் தோல் வெந்து உடையும்.

நேரமில்லையென்றால் உட்பக்கத்தை உட்பக்கத்தோடு மடித்து, பையில் கட்டி உறைய வையுங்கள்.

வால் பக்கத்து வயிற்றில் இருக்கும் இரண்டு கஸ்டோரியம் பைகளை ஓட்டையாக்காமல் எடுத்து, நூலில் கட்டித் தொங்கவிட்டுக் காயவையுங்கள். வாசனைத் திரவியத்துக்கும் பொறி வாசனைக்கும் வாங்குகிறார்கள், சில வருடங்களில் தோலைவிட இதுவே நல்ல காசு தரும். இறைச்சி சாப்பிடக் கூடியது. கொழுப்பை முழுவதும் நீக்கி, பின்னங்கால் இறைச்சியை நம் ஊர்த் தூள் போட்டு நீண்ட நேரம் நன்றாக வேகவைத்தால் மான் கறிக்குக் கிட்ட வரும். சுரப்பி மட்டும் இறைச்சியில் பட்டுவிட்டால் அந்தச் சட்டியை நாய்க்குக்கூட வைக்க முடியாது.

9. விற்பது

லாபம் பார்க்க நினைத்தால் இந்தப் பொழுதுபோக்கு வேண்டாம். பீவரின் விலை தொப்பிக் கம்பனிகளின் தேவையோடு ஏறி இறங்குகிறது, பல வருடங்களில் ஒரு தோல் கொண்டுவரும் காசு அங்கே போய்வந்த பெற்றோலுக்கே சரி.

உலர்ந்த, பதனிடாத தோலை லைசென்ஸ் உள்ள வியாபாரிக்கோ நோர்த் பேயில் உள்ள ஃபர் ஹார்வெஸ்டர்ஸ் ஆக்ஷனுக்கோ கொடுக்கலாம். ரொறன்ரோவில் இருந்த நோர்த் அமெரிக்கன் ஃபர் ஆக்ஷன்ஸ் 2019இல் கடனைக் கட்ட முடியாமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போய்விட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்தப் பெயர்தான் இருக்கிறது, தேடி அலையாதீர்கள். ஏலத்துக்கு அனுப்பினால் தரகும் செலவும் கழித்து, விற்ற பிறகுதான் காசோலை வரும். அந்தப் பருவத்துக்கே விலை போகாமல் அடுத்த ஏலத்துக்குத் தள்ளிப்போவதும் உண்டு.

முதல் தோலை விற்காமல் பதனிட்டு வீட்டில் வைக்கத்தான் பலருக்கும் ஆசை. பதனிடும் இடங்கள் பல மாதம் எடுக்கும். தோலை மாகாணத்துக்கு வெளியே அனுப்பவும் ஊருக்குக் கொண்டுபோகவும் தனி அனுமதி வேண்டும். நீர்நாய், லின்க்ஸ் போன்றவற்றுக்கு அதற்கு மேல் சர்வதேச அனுமதியும் தேவை. பயணப் பெட்டியில் சும்மா மடித்து வைத்துவிட்டு விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

10. பருவ முடிவு அறிக்கை

எந்த விலங்கு எத்தனை பிடித்தீர்கள் என்ற அறிக்கையை அமைச்சுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஒன்றுமே பிடிக்காவிட்டாலும் பூச்சியம் என்று எழுதிக் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் விட்டால் அடுத்த வருட லைசென்சில் சிக்கல் வரும். இதற்காக வண்டியில் ஒரு சின்னக் கொப்பி வைத்து, பொறி பார்க்கும் ஒவ்வொரு தடவையும் திகதி, நிலம், விலங்கு, ஆண் பெண், எந்தப் பொறி என்று குறித்துவிடுங்கள். ஈரக் கையால் எழுத பேனா சரிவராது, பென்சில் வையுங்கள்.

அறிக்கையை அனுப்பிய கையோடு நிலச் சொந்தக்காரரின் கடிதத்தில் உள்ள முடிவுத் திகதியைப் பாருங்கள். ஒரு பருவத்துக்கு மட்டும் எழுதியிருந்தால் ஓகஸ்டுக்கு முன் புதிய கையொப்பம் வாங்கிவிடுங்கள்.